இரண்டாவது தாள்

அடையாறு ஆஸ்பத்திரி
14 ஆகஸ்ட்

அன்புத் தம்பி ஷெல்டனுக்கு,

இந்த வார்டில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் உன் பெண்டாட்டி கொண்டுவரும் கஞ்சி கேரியரில் இந்தக் கடிதம் வருகிறது. ரெனிட்டா கஞ்சியில் உப்பே போடுவதில்லை. டாக்டர் சொன்னபடிதான் செய்கிறாள், ஆனாலும் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஈரல் கெட்டதால் அடங்கிப்போன கிட்னி மறுபடி வேலை செய்கிறது. டெர்லிப்ரெசின் என்று ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள், கூடவே ஆல்புமின் பாட்டிலும். வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது, விரலெல்லாம் சில்லிட்டுப் போகிறது. ஆனால் நர்ஸ் சிறுநீர் நிறைந்த பையைத் தூக்கிக் காட்டினபோது அழுதுவிட்டேன். இது ஈரலைக் குணப்படுத்தாதாம், உன் ஈரலில் ஒரு துண்டை எனக்கு வைக்கிற ஆபரேஷன் வரைக்கும் கிட்னியைத் தாங்கிப் பிடிக்குமாம். டாக்டர் அஸ்வின் இதை உனக்கும் சொல்லச் சொன்னார்.

குடிக்காத டீச்சருக்கு ஈரல் எப்படிக் கெட்டது என்று நம் பங்குக் கோயிலில் பேச்சாம். பூசையில் திராட்சை ரசம்கூட சாமியாருக்குத்தான் என்று சொல்.

தாள் தீர்ந்துவிட்டது, நர்ஸிடம் இன்னொன்று வாங்கினேன். பட்டறையை அப்படியே விட்டுவிட்டு நீ டெஸ்ட் டெஸ்ட் என்று அலைவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எனக்காக ரொம்பச் சிரமப்படாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அக்கா,
ஆனி


ஈக்காட்டுத்தாங்கல்
18 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

கிட்னி சரியாகிவிட்டது என்று படித்ததும் பாதி உயிர் வந்தது. பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பட்டறையில் அவசர ஆர்டர், லேத்தை விட்டு நகர முடியவில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் பார்க்கிறேன். மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம்.

தம்பி,
ஷெல்டன்


அடையாறு ஆஸ்பத்திரி
6 செப்டம்பர்

ஷெல்டனுக்கு,

வீட்டுக்குப் போய், மாதா கோயில் கொடியேற்றம் முடிந்த மறுநாளே கால் வீங்கி, சிறுநீர் நின்று, மறுபடி இங்கே வந்துவிட்டேன். அதே மருந்துதான் ஏறுகிறது, போன தடவை மாதிரி கேட்கவில்லை. நீ இன்னும் வரவில்லை.

ஆபரேஷன் எப்போது என்று டாக்டரிடம் கேட்டேன். "நீங்கதானே டீச்சர், தம்பி ஈரல் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க? உங்ககிட்ட அதைப் பத்திப் பேசி மனசைக் கலைக்க வேணாம்னு உங்க தம்பி கேட்டுக்கிட்டாரே" என்றார். ஃபைலைத் திறந்தார். என் கையெழுத்து. இரண்டாவது தாள் மட்டும்.

ஆபரேஷன் வரைக்கும்தான் கிட்னி தாங்கும் என்று எழுதிய முதல் தாள் எங்கே தம்பி?

ஆனி


ஈக்காட்டுத்தாங்கல்
7 செப்டம்பர்

அக்கா,

நான் ஏமாற்றவில்லை. நன்றாக இருக்கிறேன், சிரமப்படாதே என்று எழுதியது நீதான். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்து ஒரு தடவை கேட்டது, மறுபடியும் கேட்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள், பார். இன்றைக்குக் கஞ்சியில் சீரகம் போட்டிருக்கிறாள் ரெனிட்டா. சாப்பிடு.

ஷெல்டன்


அடையாறு ஆஸ்பத்திரி
8 செப்டம்பர்

ஷெல்டன்,

நம் வீட்டில் யாராவது காப்பி கொடுத்தால்கூட "எதுக்கு சிரமம்" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவோம். அம்மா அப்படி வளர்த்தாள். உன்னையும் அவள்தான் வளர்த்தாள். நான் எழுதியது உனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே.

பயமாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம்பி வேண்டாம் என்று நானே டாக்டரிடம் சொல்லியிருப்பேன். உன்மேல் கோபம்கூட வந்திருக்காது. நீ பயந்ததற்கு என்னைச் சாட்சியாக்கிவிட்டாய். அதுதான் தாங்க முடியவில்லை.

இறந்தவர்கள் தரும் உறுப்புக்காக என் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். யாரென்று தெரியாத ஒருவரை நம்பிப் படுத்திருக்கிறேன். அதுவரை கிட்னி தாங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேரியரைக் கழுவாமலே திருப்பி அனுப்புகிறேன், ரெனிட்டா மன்னிக்கட்டும். நாளையிலிருந்து கஞ்சி வேண்டாம். நீயும் வர வேண்டாம்.

இந்தத் தடவை ஒரே தாள்தான். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

ஆனி