யாரும் பார்க்காத உண்ணிக் கடி

இன்று காலை தக்கலை கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நாயைக் கொண்டு வந்தார்கள். காதை மடக்கிப் பார்த்தேன். உள்ளே முழுக்க உண்ணி. ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல ஊதியவை சில, இன்னும் குடிக்கத் தொடங்காத பழுப்புப் பொடிசுகள் பல. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டேன். ஸ்பிரிட்டும் நாய்க்காதின் புளித்த வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது உன் நினைப்பு வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வரும் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். கோபம்தான் வருகிறது.

கால்நடைக் கல்லூரி விடுதியில் நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே உண்ணிகளைப் பற்றிப் பேசுவாய். மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். "மாட்டுண்ணி ஒரே வீட்டுல வாழ்ந்து சாவும். காட்டுண்ணி மூணு வீடு மாறும். முதல்ல எலியோ குருவியோ. பொறவு ஆடோ குரங்கோ. மூணாவதா நாமளா இருந்தாலும் அதுக்கு வேண்டாம்னு இல்லட்டி" என்பாய். நான் சிரிப்பேன். வேலை கிடைத்தபோது நீயாகவே கேட்டு மலைப்பக்கம் போனாய். நான் ஊருக்குள் இருந்துகொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள குடியிருப்புகளில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போனாய். ரப்பர்க்காட்டின் புதருக்குள் நடந்து, ஆட்டுக்கொட்டில்களில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்துவிட்டு வந்தாய். கொஞ்ச நாளில் காய்ச்சல். தலை பிளக்கிறது என்று போனில் சொன்னாய். மணிக்கட்டிலும் உள்ளங்காலிலும் சிவந்த புள்ளிகள் எழும்பியிருந்தன. "இடுப்புல பாவாடை நாடா கட்டுற எடத்துல கறுத்த பொருக்கு ஒண்ணு இருக்கு. எனக்கு என்னன்னு தெரிஞ்சுபோச்சு மக்கா" என்றாய். மாத்திரையைத் தேடி எடுப்பதற்குள் நீ மயங்கி விழுந்தாய். உன் வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்.

பணியில் இருந்த டாக்டரிடம் நீ பேசியபோது நான் கட்டிலருகே நின்றேன். நாக்கு உலர்ந்திருந்தது, இருந்தும் தெளிவாகத்தான் சொன்னாய். "டாக்டர், நான் கால்நடை டாக்டர். காட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கேன். இடுப்புல உண்ணி கடிச்ச புண் இருக்கு. ஒரு தடவை பாருங்க."

அவர் சிரித்தார். "மேடம், இது மாடு இல்ல, மனுஷன். டெங்குதான்" என்றார்.

டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. சில பேருக்கு அப்படித்தான் காட்டும் என்றார். எந்த மாத்திரை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாய். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களுக்கு நீயும் நானும் தினமும் எழுதிக் கொடுக்கிற அதே டாக்ஸிசைக்ளின். எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது. நான் வாங்கி வந்தேன். வெளி மருந்து கூடாது என்று நர்ஸ் அதை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினாள். உன் வீட்டுக்காரரிடம் மன்றாடினேன். அவர் பயந்துபோயிருந்தார். பெரிய டாக்டர்கள் பார்க்கும்போது நாம் குறுக்கே போகலாமா என்று என்னிடமே கேட்டார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு மூச்சு இரைத்தது, பேச்சு குழறியது, மகளின் பெயர் உனக்கு மறந்தது.

திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, காட்டுப்பக்கம் போனாளா என்பது. போர்வையை விலக்கி இடுப்பைப் பார்த்தார். உடனே ஊசி போட்டார்கள். ஆனால் சிறுநீரகமும் நுரையீரலும் அதற்குள் கெட்டுவிட்டன. மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

துட்டி வீட்டில் உன் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார், நாயோடும் மாட்டோடும் கிடந்தால் இப்படித்தான் ஆகும் என்று. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கேயே இருந்திருந்தால் அவர்மேல் கை நீட்டியிருப்பேன்.

சடங்கெல்லாம் முடிந்தபின், உன்னை முதலில் சேர்த்த மருத்துவமனைக்குப் போனேன். டெங்கு சமயம், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று அந்த டாக்டர் பணிவாகத்தான் சொன்னார். அந்தப் பணிவு என்னை இன்னும் எரிய வைத்தது.

"நாங்க பாக்குற மாடு பேசாது டாக்டர். எங்க கடிச்சதுன்னு சொல்லாது. அதனால நாங்க வாலைத் தூக்கிப் பாக்கோம், காதை மடக்கிப் பாக்கோம். அவ வாயைத் தெறந்து சொன்னா. நீங்க ஒரு போர்வையை விலக்கல்ல."

மேலிடத்துக்கு நான் எழுதிய புகாருக்கு இதுவரை பதில் இல்லை.

போன மாதம் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவள். ஆட்டின் மேலெல்லாம் உண்ணி. அவளால் நிற்க முடியவில்லை, கையைத் தொட்டால் கொதிக்கிறது. உட்கார வைத்துப் பார்த்தேன். முழங்காலின் பின்மடிப்பில் கறுத்த பொருக்கு. என் காரில் ஏற்றி வேண்டுமென்றே அதே மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். அதே டாக்டர். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். காலைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். திருப்பினார், பார்த்தார், மாத்திரை எழுதினார். அவ்வளவுதான். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவுதானா? இதற்கா உன்னைச் சாக விட்டார்கள்?

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண், தேறிப்போன முகத்தோடு ஆட்டைத் திரும்பக் காட்ட வந்தாள். "டாக்டரம்மா, அன்னைக்கு அந்த டாக்டர எதுக்கு அப்பிடி முறைச்சிய?" என்று கேட்டாள். அவளையும் ஆட்டையும் வீட்டில் விட மலைக்கு ஓட்டிப்போகும் வழி முழுக்க உன்னைப் பற்றிச் சொன்னேன். விடுதியில் நீ பேசியது, இடுப்புப் புண், பூட்டிய மேசை, எல்லாம். அணை தெரியும் வளைவில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க லைன் வீடுகள்ல இன்னும் ரெண்டு பேரு காய்ச்சலா கெடக்காவ. அவியளையும் ஒருக்கா பாப்பியளா?"

பார்த்தேன். ஒருத்திக்கு அக்குளில் அதே கறுத்த பொருக்கு இருந்தது. இருவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி மலை இறங்கினேன். இப்போது வாரம் தவறாமல் அங்கே போகிறேன். ஆட்டைப் பார்த்துவிட்டு, ஆட்டுக்காரர்களையும் கேட்டுப் பார்க்கிறேன். காலம் ஆற்றும் என்கிறார்கள். இந்தக் கோபத்தை நான் ஆற விடப்போவதில்லை. அது ஆறினால் மலையேற மாட்டேன்.