அக்கரைக்கு வரும்போது

என் அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன். ஆறு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் முதல் வரி என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே நீ இந்தத் தீவுக்கு வருவதாக வைத்துக்கொண்டு வழியைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதில் இவளுக்குத் தீவு என்ன வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். கான்வென்டில் பூகோளப் பரீட்சையில், நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு என்று நான் எழுதினேன். படகு வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லாத இடம் என்று நீ எழுதி மதரிடம் அடி வாங்கினாய். உன் விடைதான் சரி. இங்கே வந்து பதினெட்டு நாளாகிறது. படகு வராத நாளில் வாத்தியாரும் வருவதில்லை.

காலை எட்டு மணிக்குக் கண்ணாடி ஜன்னல் போட்ட வெள்ளைப் படகு ஒன்று புறப்படும். அதில் ஏறாதே, அது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. பதினொன்றுக்கு மேல் அரிசி மூட்டையும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு ஒரு நீலப் படகு கிளம்பும். அதை ஓட்டுகிறவனுக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். ஒருநாளும் நேரத்துக்கு எடுத்ததில்லை. எத்தனை மணிக்கு எடுப்பாய் என்று நான் கண்டிப்பாகக் கேட்டேன். கடல் ரெடி, நான் ரெடி, நீங்கதாம்மா இன்னும் ரெடியாகலை என்றான். படகே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

பாதி வழியில் அவன் இயந்திரத்தை அணைப்பான். பழுது ஒன்றுமில்லை, பயப்படாதே. அந்த இடத்தில் தண்ணீர் இருப்பதே தெரியாது. அடியில் வெள்ளை மணல்மேல் நம் படகின் நிழல் மட்டும் மெதுவாக நகரும். தினம் போய்வருகிறவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். நிழலில் என் தலை எது, பக்கத்தில் இருந்த மீன்காரியின் தலை எது என்று தெரியவில்லை. வெகுநேரம் அப்படியே போய்க்கொண்டிருந்தோம்.

வார் வைத்த செருப்பு வேண்டாம். கடைசிப் பத்தடி தண்ணீரில்தான் நடக்க வேண்டும். அங்கே பாதத்தைத் தூக்கி வைக்காதே, மணலோடு தேய்த்துத் தேய்த்து நட. அடியில் படுத்திருக்கும் திருக்கை மீன் அந்த அதிர்வுக்கு விலகிப் போய்விடும். காலைத் தேய்த்து நடக்காதே என்று உன்னை எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! இங்கே நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

தென்னை மரத்தடியில் உட்காருமுன் அண்ணாந்து பார். மழை வந்தால் ஓடாதே, ஓடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். வழி கேட்கவும் வேண்டாம். இருப்பது ஒரே தெரு, தப்பாகப் போனாலும் கடல்தான் வரும்.

படகுகளுக்குப் பாய் தைக்கும் ஒரு தையல்காரியின் வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே அவள் மிஷின் ஓடும். அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். மத்தியானத்தில் தண்ணீரின் வெளிச்சம் உத்தரத்தில் ஏறி ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன், தூங்கினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. சில நாள் பக்கத்துக் கட்டிலில் உன் அத்தான் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் அலை.

வந்த அன்று சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர், அக்கரை உண்டாம்மா என்று கேட்டார். காதுக்கு இரண்டும் ஒன்றுதானே, நான் பெரிய 'ற' என்று நினைத்துவிட்டேன். என்மேல் யாரும் அக்கறைப்பட வேண்டியதில்லை என்று வெடுக்கென்று சொன்னேன். கடையே கொல்லென்று சிரித்தது. தையல்காரிதான், ஐயோ அம்மா, அவர் கரையைக் கேக்கறாரு, அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தம்னு யாராச்சும் இருக்காங்களான்னு, என்று விளக்கினாள். இங்கே புதிதாக வருகிற எவரையும் முதலில் கேட்பது அதைத்தானாம். இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது தெரு முழுக்க உன் கடிதம்தான் நினைவு. ஆறு வருடம் முன்பு, அத்தான் இறந்த மாதம் நீ எழுதினாயே, தனியாக இருக்காதே, என் வீட்டுக்கு வந்துவிடு, உன்மேல் எனக்கு அக்கரை உண்டு என்று. சின்ன 'ர' போட்டு. நான் அதைப் படித்து அழவில்லை. சிவப்பு மையை எடுத்தேன். நாலு இடத்தில் வட்டம் போட்டு, அந்த 'ர'வை அடித்து 'ற' எழுதி, உனக்கே திருப்பி அனுப்பினேன். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்திய கை. அன்றைக்கு அதற்கு வேறு வேலை தெரியவில்லை.

நேற்று மறுபடி கேட்டார்கள். உண்டு, ஒரு தங்கை என்றேன். பின்னே கூப்பிட வேண்டியதுதானே, படகு இருக்கும்போதே, என்றாள் தையல்காரி.

காற்று மாறப்போகிறது. வரும் வியாழனுக்குப் பிறகு இரண்டு மாதம் படகு கிடையாது. அந்தக் கடைசிப் படகில் நான் திரும்பப்போவதில்லை. இரண்டாவது கட்டிலுக்கும் விரிப்பு போட்டாயிற்று. வியாழன் மத்தியானம் துறையில் நிற்பேன். கடிகாரம் எவ்வளவு தாமதித்தாலும் நிற்பேன்.

அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருக்காவிட்டால் எடுத்து வா. சரியான சொல்லைத் தவறாக அடித்துவிட்டால், அச்சகத்தில் அதன் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அடித்தது செல்லாது, பழையதே நிற்கும் என்று அர்த்தம். அதில் ஒரு இடத்தில் எனக்குப் புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

நீயும் உன் வீட்டாரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்.

அக்கரையுடன்,
அக்கா