பன்னிரண்டு மெஷின்களும் ஒரு வீடும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நம் குடும்ப வரலாற்றில் நிற்கப்போகும் முடிவு ஒன்று இன்று காலை பத்து மணிக்கு எடுக்கப்பட்டு, பத்தேகாலுக்கு நிறைவேற்றப்பட்டது. ஹாலில் இருந்த ஃபிரிட்ஜை அடுக்களைக்கு மாற்றிவிட்டோம். வாங்கிய நாளிலிருந்து பதினோரு வருடம் அது ஹாலில் நின்றது. வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பது உங்கள் கொள்கை. வருகிறவர்கள் வீட்டிலெல்லாம் இப்போது இரண்டு கதவு ஃபிரிட்ஜ் இருப்பதால் கொள்கை காலாவதியாகிவிட்டது என்று வீட்டில் இருக்கும் இரண்டு பேரும், அதாவது நானும் அத்தையும், ஒருமனதாகத் தீர்மானித்தோம். "எம்மவன் கேட்டா எம்பேரச் சொல்லாத" என்பது மட்டும் அத்தையின் நிபந்தனை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேசும் நேரத்தில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்று போகிறது. மீதி சண்டையில் போகிறது. மெயிலில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

எத்தியோப்பியாவில் நூல் மில் வேலை என்று போய் மூன்று மாதம் ஆகிறது. அது எப்படிப்பட்ட நாடு என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை. நமக்கு மேலா, கீழா? அங்கே மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள்? எழுதுங்கள்.

இங்கே ராஜபாளையம் மில்லில், மேனேஜர் என் பரிசோதனைக் கூடத்துப் பக்கம் வரும்போதெல்லாம், "பாண்டிதுரை இடத்த ஏப்ரல் வரைக்கும் அப்படியே வச்சிருக்கேம்மா" என்கிறார். நூலை இழுத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்புவதில்லை. இதை மட்டும் நம்பிவிட்டேன். ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் பங்குனியில் வந்துவிடுங்கள்.

ஈஸ்வரி


அவாசா, எத்தியோப்பியா
7.7.2024

அன்பு ஈஸ்வரிக்கு,

இங்கு நலம். ஃபிரிட்ஜ் விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுக்களையில் பிளக் பாயிண்ட் சரியில்லை.

நாட்டைப் பற்றிக் கேட்டாய். இங்கே வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். இப்போது நடப்பது 2016ஆம் ஆண்டு. அந்தக் கணக்கில் எனக்கு எட்டு வயது குறைந்திருக்கிறது. முடி மட்டும் திரும்ப வரவில்லை. ஆட்டோவுக்கு இந்த ஊரில் பெயர் பஜாஜ். தோசை மாவு மாதிரி ஒன்றை நன்றாகப் புளிக்கவைத்துத் தாம்பாளம் அகலத்துக்குச் சுடுகிறார்கள். அதற்குப் பெயர் இஞ்செரா. புதனும் வெள்ளியும் விரதம், கறியும் பாலும் தொடமாட்டார்கள். நம் புரட்டாசியைத் துண்டு போட்டு வருடம் முழுவதும் பரப்பிவைத்தது போல இருக்கிறது.

வசதிக்குக் குறைவில்லை. வாசலில் ஒரு காவலாள், சமையலுக்கு அல்மாஸ் என்ற அம்மாள், துணி துவைக்க இன்னொரு பெண். மூவருக்கும் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. ராஜபாளையத்தில் ஷிப்டு சூப்பர்வைசராக இருந்தேன். என்னைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. இங்கே நான் வெளியே கிளம்பினால் ஒருவர் எழுந்து நின்று கேட்டைத் திறக்கிறார். நீயும் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

மில்தான் பாவம். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு நாட்டில் கழித்துக்கட்டியது. மேனேஜர் கிர்மா நல்ல மனிதர். ஆனால், "இந்தியாவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மில்லில் பன்னிரண்டு மெஷின் இருக்கிறது, பதினைந்து வருடமாகப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். நம்பர் வாரியாக ஒவ்வொன்றின் குணத்தையும் சொன்னேன். ஏழாம் நம்பரைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாட்டின் மானத்தை என்னால் முடிந்த அளவு காப்பாற்றிவிட்டேன்.

உன்
பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை அத்தைக்குப் படித்துக்காட்டினேன். காவலாள் எழுந்து நிற்கும் இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "பேருக்கேத்தாப்ல தொரையாவே ஆயிட்டான். இங்கன வந்தா நாம ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கணுமோ என்னமோ" என்றார்.

காவல், சமையல், துவைப்பு மூன்றுக்கும் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே இந்த மூன்றையும் ஒருத்தி முடித்துவிட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் போய் நூலையும் இழுத்துப் பார்க்கிறாள். நாட்டு உற்பத்திக் கணக்கில் நூல் மட்டும் ஏறுகிறது, சோறு ஏறுவதில்லை. உங்கள் நாட்டில் சோற்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எத்தியோப்பியா நம்மை முந்திவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. வியாழனன்று அத்தைக்கு வயிற்றுவலி. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன், மருந்து எதற்கும் காசு இல்லை. வெறும் வாயு என்றார்கள். "ஓசின்னா முழங்காலுக்கும் ஒண்ணு எடுத்துருவமாட்டி?" என்று அத்தை கேட்டார். உங்கள் அல்மாஸுக்கு வயிறு வலித்தால் என்ன செய்வார் என்று கேட்டு எழுதுங்கள்.

சென்ற வாரம் மில்லுக்கு வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கூடவே ஒரு கோயம்புத்தூர் புரோக்கர். பெரிய ஆர்டர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். டீயும் வடையும் கொடுத்தோம். அவர்களுக்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. நேரே ஏழாம் நம்பருக்குப் போய் அதன் மேல் கை வைத்தார்கள். மெஷின் பார்க்கும் தங்கபாய் என் காதில் சொன்னாள்: "ஏட்டி, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்லா தொட்டுத் தொட்டுப் பாக்காவ. சொஜ்ஜி பஜ்ஜி வேற குடுத்துட்டோம்."

அவர்களுக்கு ஏழாம் நம்பரைப் பற்றி யார் சொன்னது என்று உங்களிடம் கேட்க நினைத்தேன். போன கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஈஸ்வரி


அவாசா
15.9.2024

அன்பு ஈஸ்வரிக்கு,

நான்கு நாளைக்கு முன் இங்கே புத்தாண்டு பிறந்தது. 2017.

வந்தவர்கள் இந்த ஊர் மில் ஆட்கள்தான். இரண்டு மூன்று ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். நீ கலங்காதே. ஓடுகிற மெஷினை யாராவது விற்பார்களா?

இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. இந்த நாட்டுப் பணத்துக்குப் பெயர் பிர். ஜூலைக் கடைசியில் அரசாங்கம் அதன் விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டது. ஒன்றரை மாதத்தில் டாலருக்கு முன்னால் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. என் சம்பளம் டாலரில். அதே வேலை, அதே ஆள், காலையில் எழுந்தபோது கடைவீதியில் இரண்டு மடங்கு பணக்காரன். அல்மாஸுக்குச் சம்பளம் பிர்ரில். அவளும் அதே வேலைதான் செய்கிறாள். எண்ணெய் வாங்கப் போய்ப் பாதி பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

வயிற்றுவலி பற்றிக் கேட்டேன். "வலி நிற்கும் வரை உட்கார்ந்திருப்பேன்" என்றாள். விலைவாசியை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். இங்கே காப்பியை மூன்று சுற்று குடிப்பது வழக்கம். மூன்றாவது சுற்றுக்குச் சர்க்கரை போடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னாள். மகள் ரியாத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாளாம். அம்மா எனக்குச் சமைக்கிறாள், மகள் அரபுக்காரருக்குச் சமைக்கிறாள். அவர்கள் வீட்டில் யார் சமைப்பது என்று நான் கேட்கவில்லை.

கிர்மா மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். குடும்ப வீடும் தருகிறாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டைத் திறக்க ஆள் இருப்பது முதல் மாதம் நன்றாக இருந்தது. இப்போது அவர் எழுந்திருக்கும் முன் வெளியே போய்விட வேண்டும் என்று வேகமாக நடக்கிறேன். பங்குனியில் என் பழைய இடத்தில் நிற்பேன்.

உன்
பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆயுத பூஜை நன்றாக நடந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. முதலாளி தன் கையால் பொரி கொடுத்தார். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பன்னிரண்டையும் கழற்ற ஆரம்பித்தார்கள். பொட்டைத் துடைக்க நேரமில்லை. அப்படியே பெட்டிக்குள் போயின.

முதலாளியைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் கட்டணம், பஞ்சு விலை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஓட்டுவதைவிட விற்பதில் லாபம் அதிகம் என்று அவரே வந்து விளக்கினார். புரோக்கர் நினைத்ததற்கு மேல் விலை வந்ததாம். மெஷின்களைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு நல்லபடியாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நாற்பது பெண்களுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், சட்டம் அப்படி. தங்கபாய் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்:

"அந்த ஊருல மெஷின் பாக்கப்போற பொம்பளைகளுக்கு என்ன கூலி?"

பேப்பரில் படித்ததைச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? நம்ம சம்பளத்துல பாதிகூட வராதே. அதையா நம்மகிட்டருந்து புடுங்குனாவ?"

"அவிய புடுங்கலை. கூலி கம்மியா இருக்கிற எடத்துக்கு மெஷின் தானாப் போகுது."

"தானாப் போகுமோ? உன் வீட்டுக்காரர்தான் அட்ரஸ் குடுத்தாராமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாகவே நடந்தோம்.

மேனேஜர் உங்கள் இடத்தைப் பற்றி இப்போது பேசுவதில்லை. இடம் இருக்கிறது. நீளமாக, காலியாக, தரையில் போல்ட் ஓட்டைகளோடு.

ஈஸ்வரி

பி.கு: நூல் ஓடாத மில்லில் நூல் பரிசோதனை எதற்கு என்று கூடத்தையும் மூடிவிட்டார்கள். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.


அவாசா
26.1.2025

அன்பு ஈஸ்வரிக்கு,

மூன்று மாதம் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. போனிலும் "சாப்பிட்டாயா" என்பதைத் தாண்டிப் பேச்சு வரவில்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. நானே நின்று பிரித்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் அப்படியே இருந்தது. மெஷின் பார்க்க வந்த பெண்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். ஒருத்தி பொட்டைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டாள். நன்றாக ஓடுவதற்கு என்றேன். துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறார்கள்.

நன்றாகத்தான் ஓடுகின்றன. அறுந்த நூலை எப்படி ஒட்டுவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். தங்கபாய் ஒட்டுவதைப் போல வர இன்னும் நாளாகும்.

கிர்மா திரும்பக் கேட்டார், மூன்று வருடம். அது மட்டுமல்ல, பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் தேடுகிறார். இந்த மெஷின்களைப் பத்து வருடமாக அறிந்த ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் இந்த முறை யாரைப் பற்றியும் யாரிடமும் பெருமை பேசுவதாக இல்லை.

நான் வருவதா, நீ வருவதா, இப்படியே இருப்பதா? நான் அங்கே வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று விசாரித்தேன். இரண்டு மில்லில் இருபத்தைந்து வயது ஆளாகக் கேட்கிறார்கள். நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

உன்
பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொல்லாததை நானே சொல்லிவிட்டேன். போன வாரம் கிர்மாவுக்கு நேரடியாக மெயில் எழுதினேன். பன்னிரண்டு மெஷினிலும் எதில் எப்போது நூல் நலியும் என்பதை விவரமாக எழுதினேன். பாண்டிதுரையின் மனைவி என்பதைக் கடைசி வரியில் சேர்த்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. சம்பளம் டாலரில். அல்மாஸ் வேலையில் தொடர வேண்டும், நான் சமையலுக்கு வரவில்லை என்றும் எழுதியிருந்தேன். அதற்கும் சரி என்றிருக்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நான் சித்திரை பிறக்குமுன் வந்துவிடுவேன்.

எட்டு மாதமாக இரண்டு நாட்டையும் தராசில் வைத்துப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் நாம் மேல், காப்பியில் அவர்கள் மேல். மற்றதில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தட்டில் நீங்கள் இருந்தீர்கள், என் தட்டில் அத்தை இருந்தார். முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்காது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நூலகம் போய்க்கொண்டிருந்தது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "சேலையில பஞ்சு ஒட்டாம மில்லுலருந்து எவ வருவா" என்றார். கூமாப்பட்டியில் உங்கள் அக்கா ஆனந்தவல்லி வீட்டுக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். நம்மோடு வரச்சொல்லிக் கேட்டேன். "பதிமூணு மாசமுள்ள ஊருல எனக்கு என்ன வேல? பன்னெண்டையே தள்ள முடியல" என்றார். சிறிது நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ரெண்டு நாட்டையும் எம்புட்டோ நாளா எடைபோட்டீக. கடைசில என்னைய கூமாப்பட்டிக்கு அனுப்புதீக."

அவர் பெட்டியை நான்தான் அடுக்கினேன். அடுத்த ஞாயிறு காலை அக்கா வந்து கூட்டிப்போகிறார்.

வீட்டை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விட்டாயிற்று. வருகிறவர்கள் ஒடிசாவைச் சேர்ந்த புருஷன் பெண்டாட்டி. ராஜபாளையத்தில் வேறொரு மில்லில் இருவருக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

ஈஸ்வரி