உன் பந்தின் புஷ்ஷைக் கழற்றிவிட்டேன்

என் மச்சான் அந்தோணிக்கு, அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும்,

உன்னிடம் மட்டும் சொல்லவேண்டியதை ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நான் தவறாகப் பேசியது எல்லார் முன்னாலும். தனியாக உன் கல்லறைக்கு வந்து முணுமுணுத்துவிட்டுப் போனால் அது கோழைத்தனம்.

உன் பந்தின் கட்டைவிரல் புஷ்ஷைக் கழற்றிவிட்டேன். நான் போட்டது, நானே கழற்றினேன்.

நாம் பழகியதே அந்தப் பந்தால்தான். பொம்மையார்பாளையத்துப் பக்கம், கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பவுலிங் கூடத்தில் நீ மிஷின் பார்த்தாய். நான் மரக்காணம் உப்பளத்தில் உப்புத்தண்ணீர் இறைக்கிற பம்புகளைப் பழுதுபார்ப்பவன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பிரித்துப் பார்த்தே கற்றேன். யாரோ விருந்தாளி விட்டுப்போன பந்தை முதலாளி உனக்குக் கொடுத்தார். விரல் விடும் மூன்று ஓட்டைகளில் கட்டைவிரல் ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு. அது வெடித்திருந்தது. "இத அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்கணும் மச்சான், பழக்கம் அப்படி" என்றாய்.

"மாத்துறதுக்கு அது என்ன செருப்பா?" என்று கேட்டவன் நான். பம்புக்கு வைத்திருந்த தடித்த நைலான் கம்பியை எடுத்து, உன் விரலுக்கு அளவு பார்த்து, லேத்தில் கடைந்தேன். கழன்று வரவே கூடாதென்று இரும்பை ஒட்டுகிற பசையைப் பூசி இறக்கினேன். குழாய் என்ன குழாய், பம்பில் சொல்வதுபோல அதற்கு புஷ் என்றே பேர் வைத்தோம். ஆயுசுக்கும் தேயாது என்றேன். நீ காலையில் கூடம் திறக்கும் முன்னால் போட்ட முதல் பந்தில் எல்லா கட்டையும் விழுந்தது. நினைவிருக்கிறதா?

பிறகு ஒரு நாள் என் கொட்டகைக்கு வந்தாய்.

"மச்சான், புஷ்ஷு லூசா இருக்குது. புதுசா ஒண்ணு போட்டுக் குடு."

"நான் போட்ட புஷ்ஷு லூசாகாது." அளவு பார்க்கிற காலிப்பரை ஓட்டைக்குள் விட்டு உன் மூக்குக்கு நேரே காட்டினேன். "பாரு, முடி அளவுகூட தேயல."

"அப்ப என் விரல்தான் தேஞ்சுபோச்சா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பிறகு புஷ்ஷைப் பற்றி நீ பேசவே இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு உன் மகள் ஸ்டெல்லா அந்தப் பந்தை எடுத்துக்கொண்டாள். உன்னைப் போலவே இடது தோளை இறக்கித்தான் போடுகிறாள். "மாமா, எனக்குப் பெருசா இருக்குது, மாத்திக் குடுங்க" என்று எத்தனையோ தரம் கேட்டாள். உன் விரல் இருந்த இடத்தில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் மேல் உள்ள பாசத்தால் என்றுதான் அவளும் நினைத்தாள். பாதி அப்படித்தான். மீதி, என் புஷ் தோற்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது. அவள் உள்ளே டேப் ஒட்டிச் சமாளித்தாள்.

போன மாதம் கூடத்தில் போட்டி. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த புதுச்சேரிக் கடைக்காரரிடம் என் புஷ்ஷின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஓடிவந்து வீசும்போது டேப் சுருண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. பந்து அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய் ஓரப் பள்ளத்தில் விழுந்தது. அவள் முழங்கால் ஊன்றி விழுந்தாள். நகம் பாதி பெயர்ந்து ரத்தம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்த் தூக்கவில்லை. "பந்துல ஒண்ணும் கோளாறு இல்ல, புடிக்கத் தெரியல" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஏங்க பெரியவரே, அந்தப் பொண்ணு கையப் பாருங்க மொதல்ல."

அவள் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு போட்டியிலிருந்து விலகினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஸ்கூட்டரில் பந்தை எடுத்துக்கொண்டு மரக்காணம் வந்தாள். பந்தை என் மேசைமேல் வைத்தாள்.

"மாமா, ஒண்ணு இத மாத்திக் குடுங்க. இல்லன்னா நீங்களே வச்சுக்குங்க. நான் கூடத்துப் பந்து எடுத்துக்கறேன்."

"இது உங்கப்பன் பந்தும்மா."

"அதனாலதான் கேக்கறேன். வேற பந்தா இருந்தா எப்பவோ விட்டிருப்பேன்."

பந்தைச் சாக்கின் மேல் இறுக்கி வைத்து, முதலில் டேப்பை உரித்தேன். மேலே அவள் ஒட்டிய வெள்ளை டேப். அதன் அடியில் பழுப்பு டேப். அது கூடத்தில் நீ ஒயருக்குச் சுற்றுகிற டேப், எனக்குத் தெரியும். உரிக்க உரிக்க வந்தது. அடியில் இருந்தது பழசாகி இறுகிக் கிடந்தது, மேலே வர வரப் புதுசு. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறாய்.

எல்லாம் உரித்த பிறகு காலிப்பரை விட்டேன். கடைந்த அன்று என்ன அளவோ அதே அளவு. புஷ் தேயவில்லை அந்தோணி. நான் சொன்னது சரி. வாழ்க்கையில் நான் சொன்னது சரியாகிப்போய், இப்படி வெட்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பம்பில் ஆட்டம் கண்டால் புஷ்ஷையும் பார்ப்பேன், உள்ளே சுழல்கிற ஷாஃப்டையும் எடுத்துப் பார்ப்பேன். உப்புத்தண்ணீர் எதைத் தின்றிருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கமாட்டேன். உன் விஷயத்தில் மட்டும் ஓட்டையை அளந்தேன், விரலை அளக்கவில்லை. உன் உடம்பு உள்ளே கரைந்துகொண்டிருந்தது. டாக்டர் சொல்வதற்கு வெகுநாள் முன்னால் உன் கட்டைவிரல் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு உன் கையை வாங்கிப் பார்த்திருந்தால்? ஒன்றும் மாறியிருக்காது என்று ஸ்டெல்லா சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?

"உங்கப்பன் டேப் ஒட்டுனது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் மாமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாதான் வேணான்னாரு. 'அவன் ரோஷக்காரன், செஞ்சத குறை சொன்னா ரெண்டு நாள் சோறு எறங்காது. டேப்பு என்ன, நம்ம கூடத்துலயே கெடக்குது'ன்னு சொல்லிட்டாரு."

இதுதான் உன்மேல் எனக்குக் கோபம். மெலிந்துகொண்டிருந்தவன் நீ. என் சோற்றைப் பற்றி உனக்கென்ன கவலை? சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டாமா?

பசை விடவில்லை. துளைபோட்டுத்தான் எடுத்தேன். நைலான் சுருள் சுருளாக வந்து தரையில் விழுந்தது. ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டெல்லா கூட்டி அள்ளிவிட்டாள், நான் தடுக்கவில்லை.

நகம் ஆறும்வரை காத்திருந்து அளவெடுத்தேன். விரல் காலையில் ஒரு அளவு, வேலை முடிந்து வரும்போது வேறு அளவு. இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியாது. புது புஷ்ஷில் பசை பேருக்குத்தான். தட்டினால் வந்துவிடும். அதையும் நைலானில்தான் கடைந்தேன், கடைச் சாமானை இப்போதும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போனோம். கடைக்காரர் இருந்தார். அவர் காதில் விழும்படி, "தப்பு என்னுதுதான்மா" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "சரி மாமா, தள்ளி நில்லுங்க, போடணும்" என்றாள். உன் மகள்தான்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன். இனி அவள் லூசாக இருக்கிறது என்றாலும் இறுக்கமாக இருக்கிறது என்றாலும், காலிப்பரைத் தேடமாட்டேன். முதலில் அவள் கையை வாங்கிப் பார்ப்பேன்.

ஸ்டெல்லாவின் மாமன், உன் மச்சான்,
ஏழுமலை