இரட்டையில் பிறந்த கிடாரி

ஆரம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். மாடுகளுக்கு உள்ளே கையை விட்டுச் சோதித்துச் சோதித்து இடதுதோள் மட்டும் வலிக்கிறது.

தோணிரேவு கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்து அமுதவல்லியின் கிடாரிக்கு மூன்று வயதாகியும் பருவம் வரவில்லை. நேற்று உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். கருப்பை இருக்கவேண்டிய இடத்தில் நூல்போல ஏதோ தட்டுப்பட்டது.

"காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா?"

"ஆமா டாக்டரம்மா! ரெட்டைன்னா ராசினு இத்த விக்கவேயில்ல."

அப்படி ஒரே கருப்பையில் வளரும்போது காளையின் ரத்தம் கலந்து, பெண்கன்றின் கருப்பை பெரும்பாலும் வளராமலே போய்விடும். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கன்னு போடலன்னா இது இன்னாத்துக்கும்மா? அடிமாட்டுக்குத்தான்" என்றாள்.

"இருபத்தொரு நாள் கழித்துப் பார்க்கலாம்" என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. எனக்கும் டாக்டர்கள் இப்படித்தான் நாள் சொன்னார்கள். நமக்குக் கல்யாணமான பதினெட்டு வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூட 'இவள் எதற்கு' என்று கேட்டதில்லை.

தோளுக்குத் தைலமும் என் பழைய போர்வையும் அனுப்புங்கள். நான் போகவேண்டிய பஸ் வந்துவிட்டது. அந்த இருபத்தொரு நாளுக்குள், அவளிடம் என்ன சொல்வதென்று எழுதுங்கள்.

உங்கள்
சுகந்தி