அல்சர் என்று நான் சொல்லவில்லை, கிரேஸ்

என் கண்ணே கிரேஸ்,

நீ போன பிறகும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். கோவளத்திலிருந்து மீன்கூடை கொண்டுவரும் காசியம்மா நேற்றுகூடக் கேட்டாள்: "இன்னாக்கா, ஒண்டி ஆளு நீ, இம்மாம் நெத்திலி எதுக்கு? பூனை வளக்கிறியா?" உனக்குத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "எடை போடுடி, பேசாம" என்றேன்.

அண்ணன் இந்தச் சேலையூர் வீட்டு வாசற்படி மிதித்து வெகுகாலமாகிறது. உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், பாஸ்டர் காதுபட, "நீதான் சொல்லிக் கொன்னுட்ட" என்றவர்தான். அன்றிலிருந்து ஆலயத்தில் நான் ஓரத்து பெஞ்சில் தனியாக உட்காருகிறேன். உறவெல்லாம் அவர் பக்கம். இருக்கட்டும். நான் செய்தது சரி. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அன்று உன் காதுக்கு எட்டாமல் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணனையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, "புற்று பரவிடுச்சு. இனிமே கரண்டு வைக்கிற கதிர்வீச்சு வைத்தியம் உடம்பு தாங்காது. வீட்டுல வைச்சு வலி இல்லாம பாத்துக்குங்க" என்றார். அண்ணனுக்குக் கடைசி வார்த்தை காதில் ஏறவே இல்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று கத்தினார். உன்னிடம் வந்து, "அல்சர்தாம்மா, வேற ஆஸ்பத்திரி பாக்கலாம்" என்று சிரித்தார். எல்லோரும் அதையே சொல்ல வேண்டும் என்று கட்டளை. நம் குடும்பத்தில் சாகப்போகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், அதுதான் வழக்கம்.

ஒரு மத்தியானம் நீ கேட்டாய்: "ஏன்க்கா, அல்சருக்கு மதுரைச் சித்தி ரயிலேறி வந்து அழுவாளா?"

சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "நீயாவது சொல்லு" என்றாய்.

கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "புத்துடி. இனி ஆறாது. ஆனா உன்னை வலிக்க விடமாட்டேன்" என்றேன். தாம்பரத்திலிருந்து கிளம்பிய எலக்ட்ரிக் ரயில் சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு, "அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேணாம்ல?" என்றாய். அந்த முகத்தை அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஊரே சொன்னது. எவ்வளவு வேலை இருந்தது! மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் வந்து கற்றுக்கொடுத்தார்கள்: வலி வந்த பிறகு மருந்து தேடக் கூடாது, வருமுன்னே கொடுக்க வேண்டும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தொண்டை ஏற்காதபோது திணிக்கக் கூடாது, உதட்டை நனைத்தால் போதும். ஐந்தாம் வகுப்போடு நின்று, பொட்டலக் காகிதத்தைப் படித்தே எழுத்துப் பழகியவள் நான். இதையும் பழகினேன். "அஞ்சாங்கிளாசு டாக்டரம்மா" என்று கேலி செய்தார் அண்ணன்.

நீயோ, நீ பாடம் எடுத்த வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்துப் பாடச் சொன்னாய். அடக்கத்துக்கு எந்தப் பாட்டு வேண்டாம் என்று பாஸ்டரிடமே சண்டை போட்டாய். மீன் குழம்பு கேட்டு நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, "உப்பு பத்தல" என்றாய். சொல்லிக் கொன்றேனாம்! சொல்லாமல் விட்டிருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

இப்போது கேள். நேற்றுச் சாயங்காலம் குரோம்பேட்டையிலிருந்து அண்ணன் மகன் எட்வின் வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அத்தை, அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியல. உங்களைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். ஒண்ணு மட்டும்... அவருக்கு அல்சர்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"உங்கப்பா என்ன சொல்லி அனுப்பினார்?"

தரையைப் பார்த்தான். "'சாராவைக் கூட்டிட்டு வா, ஒண்ணு கேக்கணும். அவளுக்குத்தான் பொய் சொல்ல வராது'ன்னார்."

"தெரிஞ்சுதான் கூப்பிடுறார்டா" என்றேன். அவன் அழுதான். காபி கொடுத்து அனுப்பினேன்; வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அவன் போன பிறகு வீடு மறுபடி வெறிச்சென்று ஆனது. உன் கட்டில் இன்னும் ஜன்னலோரம்தான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து யோசித்தேன். உன் கையைப் பிடிக்க நான் இருந்தேன். அண்ணனுக்கும் நான் இருக்கிறேன். என் முறை வரும்போது "நீயாவது சொல்லு" என்று நான் யாரிடம் கேட்பேன், கிரேஸ்?

அவரை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. கல்லறைத் தோட்டத்தில் சொன்னது அப்படியே நெஞ்சில் நிற்கிறது. ஆனாலும் நாளை முதல் வண்டியில் போகிறேன். அவராகக் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன். கேட்டால் அல்சர் என்று சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு எழுந்தும் வரமாட்டேன். கடைசி வரை அவர் கட்டிலருகே இருப்பேன். உனக்குக் கொடுத்த வாக்கையே அவருக்கும் கொடுப்பேன்: வலிக்க விடமாட்டேன்.

இன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

ஒற்றையாய் இருக்கும் உன் அக்கா,
சாரா