நாலு நாக்கு

எல்க்,
ஜூன் 28, 1996

அன்புள்ள போகுஷ்,

நலம்தானே? அம்மாவின் முதுகுவலி தேவலையா? என் செய்தி ஒன்றுதான்: பட்டாளத்து அழைப்பு வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும். பதினெட்டு மாதம். கல்லூரியில் சேர்ந்தால் தப்பிக்கலாம் என்று ஊரே சொன்னபோது நான் அமிகா கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போது அனுபவிக்கிறேன்.

ஆனால் வேலையை முடித்துவிட்டேன். உறையில் உள்ள டிஸ்கைப் போட்டுப் பார். நாம் பாட்டுக் கேட்கிற நிரலோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டி நிரல் இது, பெயர் 'நாலு நாக்கு'. பாட்டு தொடங்கியதும் திரையில் நாலு வாய் திறக்கும். அமிகாவின் நாலு குரலுக்கு நாலு நாக்கு. தாளம் விழுந்தால் பெரிய நாக்கு தொப்பென்று வெளியே விழும். குழல் நாக்கு நுனியை மட்டும் ஆட்டும். அடியில் ஒரு பட்டை. எந்த வாத்தியம் ஒலிக்கிறதோ அதன் பெயர் அதில் வரும். கணினியில் பாட்டுக் கட்டும் நீங்களெல்லாம் வாத்தியத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வம்பும் வணக்கமுமாக எழுதி வைக்கிறீர்களே, அதை இனி எல்லோரும் படிக்கட்டும்.

ஆகஸ்டில் உங்கள் தோருனில் நடக்கும் கணினிக்காரர்கள் கூட்டத்தில் இதை நம் குழுவின் பெயரில் போட்டிக்குக் கொடு. "ஈரக் காலுறைகள். நிரல் வித்தோல்ட், இசை போகுஷ்." இரண்டு வருடமாக அப்பா, "பொம்மை ஆட்டிக்கிட்டு இருக்க ஒரு வயசு வேணாமாடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போது பெரிய திரையில் மூன்று நிமிடம், அறுநூறு பேர் முன்னால். நான் இருக்க மாட்டேன். அதனால் எனக்காக நீ பார். பெரிய நாக்கு முதல் தடவை வெளியே விழும்போது மண்டபம் என்ன செய்தது என்று மட்டும் எழுது. வேறு பரிசு வேண்டாம்.

உன்
வித்தோல்ட்


தோருன்,
ஜூலை 9, 1996

பட்டாளத்துப் பெரியவருக்கு,

மொட்டை அடித்துவிட்டார்களா? முகாம் முகவரியை உன் அக்காவிடம் வாங்கினேன்.

நாக்கைப் பார்த்தேனடா. காபி மூக்கில் ஏறிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி எல்லாரும் நாக்க நீட்டிட்டு நிக்கிறாங்க?" என்றார். இதைவிட நல்ல விமர்சனம் உனக்குக் கிடைக்காது.

ஒரே ஒரு குறை. அந்தப் பட்டை வேண்டாம். கண் கீழே போய்விடுகிறது, நாக்கைப் பார்க்க விடவில்லை. மூல நிரலை அனுப்பினால் நானே எடுத்துவிடுவேன். கடைசி நேரத்தில் ஏதாவது மக்கர் பண்ணினாலும் கையில் இருக்க வேண்டுமே, நீதான் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருப்பாயே. இங்கே 'இரும்பு வானம்' குழுவின் கோர்னெல் ஓட்டிப் பார்க்கத் தன் கணினியைத் தருகிறேன் என்கிறான். பெரிய குழுதான், ஆனால் தலைக்கனம் இல்லாத பையன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

போகுஷ்


முகாம்,
ஆகஸ்ட் 4, 1996

அன்புள்ள போகுஷ்,

மூல நிரலை அக்கா அனுப்பியிருப்பாள். பட்டையை எடுத்துவிடு. எனக்கு மனசில்லைதான், ஆனால் நீ சொன்னால் சரியாக இருக்கும்.

இங்கே தினமும் பட்டாணி சூப். விடுதலைக்குக் காத்திருக்கும் பழைய சிப்பாய்கள் தையல்காரரின் அளவு நாடா ஒன்றை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு சென்டிமீட்டராக வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டை எங்களைப் போன்ற புதியவர்கள் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரனிடம் நாக்கைப் பற்றிச் சொன்னேன். "இதுக்கு எவனாச்சும் கை தட்டுவானா?" என்றான். பதினேழாம் தேதி கூட்டத்துக்குப் பிறகு கடிதம் வரும், அதில் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காக்க வைக்காதே.

வித்தோல்ட்


தோருன்,
ஆகஸ்ட் 27, 1996

அன்பு வித்தோல்ட்,

இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் படிக்கவில்லை. மேடைக் கணினியில் போட்டதும் கரகரவென்று சத்தம். திரும்பப் போட்டோம், அதே கரகர. "தம்பி, பின்னாடி இன்னும் இருபது பேர் நிக்கிறாங்க, வேற ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படி எடுத்து வைத்திருந்தது வீட்டில். என் தப்புதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம். மனதைத் தளர விடாதே.

உன்
போகுஷ்


எல்க்,
அக்டோபர் 20, 1996

போகுஷ்,

மூன்று நாள் லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் நினைவிருக்கிறதா? மலிவு டிஸ்க் வாங்கிய என்னைச் சொல்ல வேண்டும், நீ அழாதே என்று எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரன் கேலி செய்தபோதுகூட உன்னைத்தான் பாவம் என்றேன்.

நேற்று ஒருவன் டிஸ்கிலேயே வரும் பத்திரிகையின் செப்டம்பர் இதழைக் கொடுத்தான். தோருன் கூட்டத்தில் இரண்டாம் பரிசு: "நாலு நாக்கு. வழங்குவது இரும்பு வானம். நிரல் கோர்னெல், இசை போகுஷ்." பெயரைக்கூட மாற்றவில்லை. ஓட்டினேன். என் நாக்குகள். பட்டை மட்டும் இல்லை.

அந்த டிஸ்கில் உன் புதுப் பாட்டும் தனியாக இருந்தது. அதை என்னிடம் உள்ள பட்டை வைத்த நாக்கில் போட்டேன். நல்ல பாட்டு. ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே வர, கீழே நீ எழுதியது வந்தது. தாளத்தில் "கோர்னெலுக்கு நன்றி". அடித்தந்தியில் "வித்தோல்ட் பட்டாளத்துல". குழலில் "அவனுக்கு ஒண்ணும் தெரியாது". மணியில் "ஒன்றரை வருசம் யாரும் சொல்லிடாதீங்க". தாளத்துக்குத் தாளம் பெரிய நாக்கு என்னைப் பார்த்து நீண்டது. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கேடா" என்றார். முதல் தடவையாகச் சொன்னார். நான் எழுந்து போய்விட்டேன்.

வயிறு எரிகிறது, போகுஷ். பெயரை எடுத்ததற்குக்கூட இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினாயே, அதற்கு.

வித்தோல்ட்


தோருன்,
நவம்பர் 1, 1996

அன்பு வித்தோல்ட்,

சகல புனிதர் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். பொய் சொல்ல முடியாத நாள்.

கோர்னெல் கேட்டான்: "உன் பாட்டு எங்களுக்கு வேணும். ஆனா நிரல் எங்க பேர்லதான் வரணும், சரின்னா வா." மூன்று வருடமாக அந்தக் குழு என்னைக் கூப்பிடாதா என்று இருந்தவன் நான், உனக்குத் தெரியும். ஈரக் காலுறைகளை யாரடா திரும்பிப் பார்த்தார்கள்? சரி என்றேன். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்த பொய்கள். பட்டையை எடுக்கச் சொன்னபோது மட்டும் எந்தக் கள்ளமும் இல்லை, இதை நம்பு.

நீ கேட்டதை இப்போது சொல்கிறேன். பெரிய நாக்கு தொப்பென்று விழுந்தது. பிறகு பின்வரிசையில் எவனோ எழுந்து திரையைப் பார்த்து நாக்கை நீட்டினான். அவனைப் பார்த்து அந்த வரிசை. மூன்றாவது தாளத்தில் அறுநூறு பேரும் தாளம் தப்பாமல் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டி நடத்தியவர்கள் உட்பட.

இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. வேகத்தைக் கூட்டும் அட்டை போட்ட கணினிகளில் நாக்கு பாதி வெளியே வந்து அப்படியே உறைந்துவிடுகிறது. கோர்னெல் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறான். உனக்கு ஐந்து நிமிட வேலை. டிசம்பரில் அடுத்த பதிப்பு. நன்றிப் பட்டியலில் உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன்.

என்றும் உன்
போகுஷ்


முகாம்,
நவம்பர் 17, 1996

போகுஷ்,

இத்துடன் உள்ள தாளில் திருத்தம் இருக்கிறது. ஒரே வரி. இங்கே கணினி இல்லை, மனதிலேயே ஓட்டிப் பார்த்து எழுதினேன், சரியாக இருக்கும். உனக்காகவும் கோர்னெலுக்காகவும் இல்லை. எங்கோ ஒருவன் ஆசையாகப் போட்டுப் பார்த்து அது உறைந்து நிற்கிறதென்றால் அது என் தப்பு. நன்றிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.

மண்டபத்தைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். பக்கத்துக் கட்டில்காரனிடமும் வாசித்துக் காட்டினேன். "நெசமாவா?" என்றான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். டிஸ்க் கரகரத்தது, பின்னால் இருபது பேர் நின்றார்கள், நீ படிக்கட்டில் உட்கார்ந்தாய். அதுவும் இதே மாதிரி, கண்ணில் பார்ப்பது போலத்தான் எழுதியிருக்கிறாய்.

வேறு யாரையாவது கேட்கலாம் என்றால், அவர்கள் பார்த்தது கோர்னெலின் நாக்கை, என்னுடையதைப் பற்றி அவர்களிடம் எப்படிக் கேட்பேன்? அந்த மண்டபத்தில் எனக்கென்று இருந்தவன் நீ ஒருத்தன்தான். அறுநூறு பேர் நாக்கை நீட்டினார்களா இல்லையா என்று இனி எனக்குத் தெரியப்போவதே இல்லை.

எழுதாதே.

வித்தோல்ட்